அந்த பிளாஸ்டிக் பெட்டியை உடைத்தது நான்தான்

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

நம் குடும்ப குரூப்பில் நான்கு நாளாக ஒரே பேச்சு. "அமெரிக்கா போன இடத்தில் பெரியவர் பேரனோட அறுபது டாலர் கார்டை உடைச்சுப் போட்டாராமே" என்று. முதலில் ஒரு திருத்தம். கார்டை யாரும் உடைக்கவில்லை. கார்டை அடைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைத்தான் உடைத்தோம். உடைத்தது நான். டார்ச் பிடித்தது பேரன். பிளையர் மருமகனுடையது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். பதினொரு வயதுப் பையனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள்.

விஷயம் தெரியாத மாணவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். பேரனுக்கு பேஸ்பால் கார்டு பைத்தியம். சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான் இருக்கும், இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய கணக்கு வழக்கு. ஒட்டிய பாக்கெட்டில் விற்கிறார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று பிரித்தால்தான் தெரியும். அதனால் வேண்டாதது வரும், வந்ததே திரும்ப வரும். இந்த டூப்ளிகேட்டில்தான் சங்கதியே இருக்கிறது. டூப்ளிகேட் வராவிட்டால் யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லையே.

பேரனுக்கு நியூயார்க் மெட்ஸ் அணி. ஒஹையோவில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவருக்கு கிளீவ்லாந்து அணி. மகளைப் பார்க்க நியூஜெர்சிக்கு வந்தபோது ஒரு கார்டு சந்தையில் இவனைச் சந்தித்திருக்கிறார். அதிலிருந்து தபாலில் பரிமாற்றம். (என் மகளுக்குத் தெரியாமல் ஒரு கவர் வருவதுமில்லை, போவதுமில்லை. பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.) இவனுக்கு கிளீவ்லாந்து கார்டு வந்தால் அவருக்கென்று எடுத்து வைப்பான். அவருக்கு மெட்ஸ் வந்தால் இவனுக்கு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு கிடையாது. பத்து சேர்ந்ததும் ஒரு வெள்ளைக் கவர். ஒவ்வொரு கார்டுக்கும் மெல்லிய உறை, அதற்கு வெளியே கெட்டியான உறை, வாயில் நீல டேப். ஏன் நீலம் என்று கேட்டேன். பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டுகிற டேப்பாம், உரித்தால் பிசின் ஒட்டாது. "எடுக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுல்ல தாத்தா" என்றான். முப்பத்தி நான்கு வருஷ வேலையில் இந்த ஒரு வாக்கியத்தை எந்த நீதிபோதனை வகுப்பிலும் நான் ஒரு பையன் தலைக்குள் ஏற்றியதில்லை.

இதைத்தான் நம் ஆட்கள் "வேஸ்ட்" என்கிறார்கள். "காகிதத்துக்குக் காசைக் கொட்டுறான், அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லுங்க" என்று குரூப்பில் எழுதிய என் மரியாதைக்குரிய அத்தை மகளே, நான் கணக்கு வாத்தியார். அவன் போடுவது கணக்குதான். கார்டின் பின்பக்கம் .300 என்று இருக்கும். பத்து முறை மட்டையோடு நின்று மூன்று முறை ஒழுங்காக அடித்திருக்கிறான் என்று அர்த்தம். அங்கே அவன் பெரிய ஆட்டக்காரன். நம் பாஸ் மார்க் 35. நம் கணக்கில் அவன் ஃபெயில்! பையன் ஒருநாள் டெட் வில்லியம்ஸ் என்ற பழைய பாஸ்டன் ஆட்டக்காரரைப் பற்றிச் சொன்னான். 1941-ல் கடைசி நாள் ஆட்டத்துக்கு முன்னால் அவர் 448-க்கு 179. வகுத்துப் பார்த்தேன், 0.39955. முழுமையாக்கினால் .400 வந்துவிடும். வெளியே உட்கார்ந்துகொள்ளலாம் என்று மேனேஜரே சொல்லியும் அவர் உட்காரவில்லை. அன்றைக்கு நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி எட்டுக்கு ஆறு அடித்தார். 456-க்கு 185. இப்போது .406. தசமத்தை முழுமையாக்குவது என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் நடத்தியிருப்பேனா? என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் சொல்லுங்கள்.

"வேஸ்ட்" கட்சிக்கு இவ்வளவு போதும். எனக்கு அவர்கள்மேல் பெரிய கோபம் இல்லை. கோபமெல்லாம் "இன்வெஸ்ட்" கட்சியின்மேல்தான்.

பேரனுக்கு ஒரு பாக்கெட்டில் கிளீவ்லாந்து பந்துவீச்சாளர் ஒருவரின் கார்டு வந்தது. பின்னால் 17/50 என்று பொன்னிறத்தில் அச்சு. மொத்தமே ஐம்பதுதான் அடித்திருக்கிறார்கள், இது பதினேழாவது. பையன் குதித்தான். அவனுக்கு வேண்டியது என்பதால் இல்லை, ஒஹையோ தாத்தாவுக்கு வேண்டியது என்பதால். கவரில் விலாசம்கூட எழுதிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த நம் சொந்தக்காரர் ஒருவர் போனைத் தட்டி விலை பார்த்தார். அறுபது டாலர். "முட்டாள்தனம் பண்ணாதே. மார்க் போடுற கம்பெனிக்கு அனுப்பு. பத்து வாங்கினா விலை எகிறும்." (மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனாலும் தப்பு தப்புதான்.)

அப்படி ஒரு தொழில் இருக்கிறது. கார்டை அனுப்பினால் மூலை, ஓரம், பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை மார்க் போட்டு, பிரிக்க முடியாத பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் விலை சில சமயம் பல மடங்கு தாண்டும். யாரும் இனி அந்தக் கார்டைத் தொட முடியாது, அதன் பின்பக்கக் கணக்கை ஆள்காட்டி விரல் வைத்துப் படிக்கவும் முடியாது.

கார்டு போய்விட்டு வந்தது. மார்க் எட்டு. "எட்டுதானா? கட்டணமே நஷ்டம்" என்றார் மாப்பிள்ளை. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. "எட்டா" என்று மட்டும் கேட்டான். அந்த முகம் எனக்கு அத்துப்படி. காலாண்டுத் தேர்வுப் பேப்பர் கொடுக்கும்போது எண்பத்திரண்டு வாங்கிய பையன் முதல் ரேங்க் போய்விட்டதே என்று நிற்பானே, அந்த முகம். நான் உண்டாக்கிய முகம். சிவப்பு மையில் எத்தனை ஆயிரம் பேப்பரில் எண் போட்டிருப்பேன்! நேற்றுவரை அவன் சிநேகிதனுக்காக வைத்திருந்த கார்டு, இன்றைக்கு மூலையில் குறையுள்ள ஒரு பொருள்.

அந்த வாரமே ஒஹையோவிலிருந்து கவர் வந்தது. பன்னிரண்டு மெட்ஸ் கார்டு. பையன் இரண்டு நாள் அதைப் பிரிக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. "ஏண்டா?" என்றேன். "நான் அவருக்குக் குடுக்கலையே" என்றான்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தின் மகா விலையுயர்ந்த கார்டுகளில் ஒன்று ஹோனஸ் வாக்னருடையது. 1909-ஐ ஒட்டி சிகரெட் பெட்டியில் வைத்து வந்தது. பி.எஸ்.ஏ. என்ற மார்க் கம்பெனி 1991-ல் தொடங்கியபோது முதன்முதலாக மார்க் போட்டது ஒரு வாக்னர் கார்டுக்கு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த கார்டு அது. மார்க், எட்டு. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2013-ல், அதை முன்பு கைமாற்றிய வியாபாரி பில் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கார்டின் ஓரங்களை அவரே வெட்டிச் சீராக்கியிருந்தார். இந்த மார்க் போடும் தொழிலின் பிள்ளையார் சுழியே காப்பியடித்த பேப்பருக்குப் போட்ட மார்க்!

விலைக்கும் பெருமைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இன்னொன்று. டாப்ஸ் கம்பெனியின் 1952 கார்டுகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றை உருவாக்கிய சை பெர்கரே 1960-ல் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கடலில் கொட்டினவனுக்கும் கோடி கொடுத்தவனுக்கும் நடுவில் கார்டு மாறவில்லை, அதே காகிதம்தான்.

அந்தக் காலம் சத்தியகாலம் என்றும் நான் சொல்லவில்லை. 1933-ல் கவுடி என்ற பபுள்கம் கம்பெனி 106-ம் எண் கார்டை அடிக்காமலே விட்டது. பிள்ளைகள் அந்த ஓர் எண்ணுக்காகக் கம் வாங்கி வாங்கி மென்றார்கள். புகார் எழுதியவர்களுக்குத்தான் மறுவருஷம் தபாலில் வந்தது. கம்பெனிகள் எப்போதும் கம்பெனிகள்தான். நான் பேசுவது பிள்ளைகள் தங்களுக்குள் என்ன செய்துகொண்டார்கள் என்பதைப் பற்றி.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு மருமகன் கூட்டிப்போனார். சுவரில் கண்ணாடிக்குள் சில பழைய பேஸ்பால் கார்டுகள். கொடுத்தவர் பெயர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலைத் தொழிலாளி. கல்யாணம் ஆகாதவர், மூட்டுவாதத்தில் கைவிரல்கள் மடங்கிப்போனவர். 1937 முதல் சேகரிப்பாளர்களுக்காக ஒரு சின்ன மடல் இதழ் நடத்தி, யாரிடம் என்ன இருக்கிறது என்று கடிதம் கடிதமாகக் கேட்டு, அமெரிக்காவின் கார்டுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் வாக்னர் கார்டுக்கு அவர் போட்ட விலை ஐம்பது டாலர். பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல், எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல். அத்தனையையும் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. மியூசியத்திலேயே உட்கார்ந்து அந்த விரல்களால் பல வருஷம் ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். அவரிடம் போய் "இன்வெஸ்ட்மென்ட்" என்று சொல்லிப் பாருங்கள், மாப்பிள்ளை.

விற்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் விற்கட்டும். ஆனால் பதினொரு வயதுப் பையனுக்கு என்ன செலவு வந்தது? அவன் கையில் இருந்த சிநேகிதத்தை எடுத்துக்கொண்டு அறுபது டாலர் என்ற எண்ணைக் கொடுத்தோம். அந்த அறுபதும் வரவில்லை.

ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பேரன் கேட்டான், "தாத்தா, இதை உடைச்சா கார்டு கிழியுமா?" மீதியை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். கார்டு கிழியவில்லை. நீல டேப் அவன் ஒட்டினான். ஸ்டாம்ப் நான் ஒட்டினேன். ஒஹையோவிலிருந்து ஒரு போட்டோ வந்திருக்கிறது. ஒன்பது கார்டு செருகும் ஆல்பத் தாள், நடுக்கட்டத்தில் நம் பதினேழு.

இனி எழுதப்போவது ஒருவருக்கு மட்டும். 1989 அல்லது 90, எட்டாம் வகுப்பு. உன் பெயரை எழுதமாட்டேன், உனக்கே தெரியும். பாட நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாய். பபுள்கம் வாங்கினால் கிடைக்கும் கிரிக்கெட் படங்கள், அதற்குக் கீழே தீப்பெட்டிப் படங்கள். ஒரு கோடு போட்ட தாளில் யாரிடம் எது இல்லை என்று பெயர் பெயராக எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் பின்னால் குப்பை எரிகிற குழியில் போட்டேன். ஸ்டாஃப் ரூமில் பெருமையாகவும் சொன்னேன். நீ அழவில்லை. "சார், பாக்ஸையாவது குடுங்க சார், அண்ணனோடது" என்றாய். நான் கொடுக்கவில்லை.

பர்டிக் செய்ததும் அப்படி ஒரு தாள்தான், கொஞ்சம் பெரிய தாள்.

ஊர் வந்த பிறகு கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்துப் பழைய தீப்பெட்டிப் படம் இருபத்து மூன்று சேர்த்திருக்கிறேன். மயில் இரண்டு இருக்கிறது, ஒன்று டூப்ளிகேட். பேரன் கொடுத்துவிட்ட மெல்லிய உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் கிழிந்தவையும் உண்டு. விலாசத்தை இன்பாக்ஸில் அனுப்பு. உன் அண்ணனுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கியிருக்கிறேன்.