பெயிண்டுக்கு அடியில் துரு!

பிரம்மதேசம், மரக்காணம் பக்கம் இரும்புக்குச் சீக்கிரம் வயதாகிவிடும். உப்பளத்துக் காற்று அப்படி! காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. பகலில் காய்ந்தாலும் ராத்திரி மறுபடி நனைகிறது. சைலன்சர், பிரேக் குழாய், சேஸிஸ் என்று அடியிலிருந்து அரிக்கிறது.

அந்த வண்டிதான் ஒரு நாள் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வெளியூரில் பளபளவென்று நிற்கிறது. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வச்சிருந்த வண்டி!" என்கிறார் புரோக்கர். புரோக்கர்கள் சொல்லும் கணக்குப்படி தமிழ்நாட்டில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம்!

2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. அவையெல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவித் துடைத்து விற்கப்பட்டவையும் இருக்கும். தண்ணீர் குடித்த வண்டி உடனே மக்கர் பண்ணாது. வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்து, சில மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

வாங்குகிறவர் யார்? சீட்டுப் பணம் எடுத்து லோடு ஆட்டோ வாங்கும் உப்பு வியாபாரி. நகையை அடகு வைத்து ஸ்கூட்டர் வாங்கும் குமாஸ்தா. முதல் மாத வருமானமே பட்டறைக்குப் போனால் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

முன்பணம் கொடுக்குமுன் உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் செலவல்ல. காராக இருந்தால் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். கடைசியில் சேறு படிந்திருந்தால் வண்டி முழுகியது என்று அர்த்தம். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாங்கியபின் பழுது தெரிந்தால்? ஆத்திரத்தில் உடனே பிரித்துப் போடாதீர்கள். போட்டோ எடுங்கள், மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள், விற்றவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லோடு ஆட்டோக்காரரும் நுகர்வோர்தான். 1915 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம்.

தனி ஆளிடம் வாங்கினால் கதை வேறு. சிவில் கோர்ட்தான். பழுதைத் தெரிந்தே மூடி மறைத்து விற்றால் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி அது மோசடி. ஆனால் கொஞ்சம் கவனித்தாலே தெரிந்திருக்கும் பழுதை அவர் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டால் ஜெயிப்பது கஷ்டம். ஆகவே "விபத்தில் சிக்கவில்லை, தண்ணீரில் முழுகவில்லை" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிறாரா? வந்த வழியே திரும்புங்கள்! பெயர் மாற்றத்தையும் 30 நாளுக்குள் முடியுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பழைய வண்டி வியாபாரம் செய்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை கடையில் அந்தச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறது? போக்குவரத்துத் துறை அதிகாரிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் ஒரு நாள் இறங்கிப் பார்க்கட்டும். ஹெல்மெட் இல்லாதவரை மடக்கிப் பிடிக்கும் சுறுசுறுப்பில் பாதியை, அங்கீகாரம் இல்லாமல் வண்டி விற்பவரிடமும் காட்டட்டும்!