மணலும் நிலமும் போகும் இடத்துக்கு நாங்கள் போவது எப்போது?

2006 ஜூன் 12 முதல் 16 வரை கண்டியில் ஓர் அனைத்துலக விஞ்ஞான மாநாடு நடந்தது. திண்மநிலை அயனியல் பற்றிய பத்தாவது ஆசிய மாநாடு அது. திண்மப் பொருள் ஒன்றுக்குள் அயன்கள் எப்படி நகர்கின்றன என்று ஆராயும் துறை இது. கேட்க வெகு தூரத்து விடயம் போல இருக்கும். ஆனால் இன்று நீங்கள் இதை வாசிக்கும் கைத்தொலைபேசியின் மின்கலமும் மின்சாரக் காரும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பெட்டியும் இந்தத் துறைக்குள்தான் அடங்குகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டின் கட்டுரைகள் பின்னர் தடித்த தொகுதியாகவும் வெளிவந்தன.

அதே 2006ஆம் ஆண்டு திருகோணமலையில் எப்படி இருந்தது என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் பல்கலைக்கழக வயதுடைய ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து தமிழர்களின் கடைகள் எரிந்தன. ஏப்ரல் 25ஆம் திகதி சம்பூர் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கின. கண்டியில் மாநாடு நடந்துகொண்டிருந்த ஜூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் பொதுமக்கள் சென்ற பஸ் கண்ணிவெடியில் சிக்கி அறுபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அன்றே விமானங்கள் வடக்குக் கிழக்கில் குண்டு வீசின. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது.

கண்டியில் கூடிய விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. போர் நடக்கும் நாட்டில் ஒரு மாநாட்டை நடத்தி முடிப்பதே பெரிய காரியம். நான் சொல்ல வருவது வேறு. அந்த மண்டபத்தில் பேசப்பட்ட பொருள்களில் ஒன்று எங்கள் மாவட்டத்தின் மணலில் கிடக்கிறது. அங்கு பேசப்பட்ட தொழில்நுட்பம் ஏறக்குறைய இருபது வருடங்களின் பின் எங்கள் மாவட்டத்தின் நிலத்தைத் தேடி வந்திருக்கிறது. இடையில் நாங்கள் மட்டும் அந்த மண்டபத்துக்குள் இல்லை.

எங்கள் மக்களுக்கு மின்னிரசாயனம் புதிதல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்குக்குப் போகக்கூடாத பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து மேலும் இரண்டு நாள் ஓட்டியவர்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்னமும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். ஒரு மின்கலத்தின் பெறுமதி அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அறிவு ஆய்வுகூடம் வரை போகவில்லை என்பதுதான் கதை.

முதலில் மணலைப் பார்ப்போம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் இருக்கிறது புல்மோட்டை. அதன் கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் ஆகிய கனியங்கள் உண்டு. உலகிலேயே செறிவு கூடிய கனிய மணற்படிவுகளில் ஒன்று அது. 1957இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி அந்த வேலையைச் செய்கிறது. போர்க்காலத்திலும் மணல் ஏற்றும் கப்பல்கள் வந்தன. 1997 செப்டெம்பரில் அப்படி ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டது.

இல்மனைட்டிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டைப் பிரித்தெடுக்கலாம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற் அதிலிருந்துதான் வருகிறது. அதே பொருளை மிக நுண்ணிய துகளாக்கி, அதன்மேல் சாயம் ஒன்றைப் படியவைத்தால் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கலம் கிடைக்கும் என்று 1991இல் சுவிற்சர்லாந்தில் மைக்கேல் கிரெட்செலும் பிரையன் ஓ'றீகனும் காட்டினார்கள். அவர்களின் கலத்துக்குள் ஒரு திரவம் இருந்தது. திரவம் கசியும், ஆவியாகும். அந்தத் திரவத்தை எடுத்துவிட்டுச் செப்பு அயடைட்டு என்ற திண்மப் பொருளைப் போட்டு 1995இல் கலம் செய்து காட்டியவர்கள் யார் தெரியுமா? கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவரது குழுவினரும். உலகத்தில் இந்த வகைத் திண்மநிலைக் கலத்தை முதலில் செய்தவர்களில் ஒருவராக இன்றும் அவரது பெயர் சொல்லப்படுகிறது.

மூலப்பொருள் புல்மோட்டையில். மூளை ஹந்தானையில். இரண்டுக்கும் இடையே ஒரு நாள் பஸ் பயணம். இருந்தும் இல்மனைட் இன்றுவரை பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. இலித்தியத்தோடு சேர்த்து வேகமாகச் சார்ஜ் ஆகும் மின்கலத்துக்கான மின்வாயாகவும் தைத்தேனியத்தைப் பயன்படுத்தலாம். ஜப்பானில் அது பல வருடங்களாக வியாபாரமாகவே நடக்கிறது. "பெறுமதி சேர்த்து ஏற்றுமதி செய்வோம்" என்று கொழும்பில் ஆட்சிக்கு வரும் ஒவ்வோர் அரசாங்கமும் சொல்லும். மணல் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குப் போர் மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2009இற்குப் பிறகும் பதினைந்து வருடங்களுக்கு மேல் கடந்துவிட்டன.

அடுத்தது நிலம். சம்பூர் மக்கள் 2006இல் ஓடினார்கள். மட்டக்களப்புக்குப் போய், பின்னர் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். 2007இல் அவர்களது ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. பின்னர் ஒரு பகுதி முதலீட்டு வலயமானது. இன்னொரு பகுதி, இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவோற் நிலக்கரி மின்நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. சம்பூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது, 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2015, 2016 காலத்தில் மக்கள் கட்டம் கட்டமாக ஊர் திரும்பினார்கள். அது எங்கள் பக்கத்தில் மிக அரிதாகக் கிடைத்த வெற்றிகளில் ஒன்று.

நிலக்கரி போன இடத்துக்குச் சூரியன் வந்தது. அதே இரு நிறுவனங்கள்தான். 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே, திரையின் வழியாக, 120 மெகாவோற் சம்பூர் சூரிய மின்திட்டத்தை ஆரம்பித்து வைத்தார்கள். அதே பயணத்தில்தான் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. எந்த எரிசக்தி மையம்? யாருடைய மையம்? சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் எத்தனை யாருக்கு என்பது 2022 ஜனவரியில் பிரிக்கப்பட்டபோதும் இந்தக் கேள்வி இருந்தது.

நிலக்கரியைவிடச் சூரியன் நல்லது. சம்பூர்ப் பிள்ளையின் சுவாசப்பைக்கு அது நல்லது. இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் சுத்தமான மின்சாரத்துக்கு எடுக்கப்படும் காணியும் காணிதான். துறைமுக அதிகாரசபையின் காணி என்று சொல்லப்படும் முத்துநகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்களின் வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்காகக் கம்பனிகளின் கைக்குப் போயின. அந்த விவசாயிகள் 2025 செப்டெம்பரில் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். சம்பூரின் அனுபவத்தை அறிந்த எங்களில் எத்தனை பேர் அங்கு போய்ப் பக்கத்தில் அமர்ந்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதை இத்தோடு முடியவில்லை. பகலில் சூரியன் தரும் மின்சாரத்தை மாலை ஏழு மணிக்கு யார் தருவது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் ஒரு குரங்கில் பழியைப் போட்டார்கள். ஆனால் பாவனை குறைந்த விடுமுறை நாளில், சூரிய மின்சாரம் நிறைந்திருக்கும் மதிய நேரத்தில், வலையமைப்பு தள்ளாடுகிறது என்பதே அடியில் இருந்த சங்கதி. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சேமிக்க வழியில்லாத நாடு சூரியனையே நிறுத்தச் சொல்கிறது. ஆகவே அடுத்த கட்டம் பெரிய மின்கலத் தொகுதிகள். கப்பற் கொள்கலன் அளவிலான பெட்டிகள், உள்ளே இலித்தியம் அயன் கலங்கள். சூரியத் தகடுகள் எங்கே விரிகின்றனவோ அங்கேதான் அவையும் வந்து நிற்கும்.

2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில் இப்படியான ஒரு மின்கலச் சேமிப்பகம் தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள். எல்லா வகை மின்கலமும் அப்படி எரியாது; இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை, நிக்கலும் கோபாற்றும் கலந்தவை வெப்பம் கூடினால் ஆபத்தானவை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது விஞ்ஞானிகளின் வேலை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மூதூர் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

மாநாடு என்பது இங்குதான் அரசியலாகிறது. நாங்கள் ஜெனீவாவுக்குப் போகக் கற்றுக்கொண்டோம். மனித உரிமைப் பேரவையின் அமர்வுகளில் எந்த அறையில் யார் பேசுவார், எந்தப் பந்தியில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதெல்லாம் எங்கள் செயற்பாட்டாளர்களுக்கு அத்துப்படி. அது தேவையான வேலை. ஆனால் எங்கள் கடற்கரை மணலின் விலையையும் எங்கள் வயலில் எது முளைக்கும் என்பதையும் முடிவுசெய்யும் மொழி வேறு மண்டபங்களில் பேசப்படுகிறது. அந்த மொழி தெரியாதவர்களுக்கு வாயிலில் பதாகை பிடிப்பது ஒன்றுதான் மிஞ்சும். மன்னாரில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் செய்வதும் அதுதான். பதாகையும் வேண்டும். அது மட்டும் போதாது.

காரைக்குடியைப் பாருங்கள். துறைமுகம் இல்லை, கனிய மணல் இல்லை. 1948இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் காணியும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். அந்த ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மின்கலம் பற்றி இந்தியாவில் பேசுவோர் காரைக்குடியைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே காணி விஞ்ஞானத்துக்காக மனமுவந்து கொடுக்கப்பட்டது. எங்களிடம் எடுக்கப்படுகிறது, விஞ்ஞானமோ திரும்பி வருவதில்லை.

எங்களால் முடியாதது என்றும் இல்லை. யாழ். பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் பு. ரவிராஜன் போன்றோர் இதே தைத்தேனியம் ஈரொட்சைட்டை வைத்துத்தான் சூரியக் கல ஆய்வு செய்து வருகிறார்கள். நோர்வேயின் பேர்கனில் பணியாற்றும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை வழியாக அந்தத் துறைக்கு வெளிநாட்டு ஆய்வுகூடங்களுடன் தொடர்பும் உண்டு. அவர்களது மாணவர்கள் மாநாடுகளுக்குப் போகிறார்கள், கட்டுரை வாசிக்கிறார்கள். தடைக்காலத்தில் மின்சாரமே இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்தில் இது நடக்கிறது.

திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிலாவெளி கோணேசபுரியில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடமும் அங்கு உண்டு. புல்மோட்டை மணல் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம், சம்பூர் குடாவின் மறுகரையில். ஒரு மாநாட்டுக்குப் போவதென்றால் முதலில் கட்டுரை வேண்டும், கட்டுரைக்கு ஆய்வுகூடம் வேண்டும், ஆய்வுகூடத்துக்குக் காசு வேண்டும், பதிவுக் கட்டணத்தை டொலரில் கட்ட வேண்டும். இவை எதுவும் கோடிக்கணக்கான சமாச்சாரம் அல்ல. வெளிநாட்டில் உள்ள எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலை நுழைவாயில் வளைவுகளுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும்.

மணலை ஏற்றும் அரச கம்பனியும் நிலத்தை எடுக்கும் மின் கம்பனிகளும் தங்கள் ஒப்பந்தத்தில் இந்த வளாகத்துக்கென ஆய்வு நிதி ஒன்றை எழுதவேண்டும் என்று எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பூருக்கு வரும் மின்கலங்கள் எந்த வகை, தீயணைக்க என்ன ஏற்பாடு, ஆயுள் முடிந்த கலங்களை எங்கே கொட்டுவார்கள், அவற்றைப் பராமரிக்கும் வேலை கூனித்தீவுப் பிள்ளைகளுக்கா வெளியாருக்கா என்பதையும் அதே கடிதத்தில் கேட்கலாம். மின்கலச் சேமிப்புக்கான கேள்விமனுக்கள் ஏற்கெனவே கோரப்பட்டு வருகின்றன. பெட்டிகள் துறைமுகத்தில் இறங்கிய பிறகு கேட்டால், "எல்லாம் முடிந்துவிட்டது" என்பார்கள்.