நடந்து போகிறவர்களுக்கு வழி எங்கே?

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரைத் தெரியாதவர்கள் குறைவு. துணி எடுக்க, வளையல் வாங்க, செருப்பு வாங்க என்று வெளியூர்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே வருகிறார்கள்.

ஒரு காலத்தில் அங்கே நடப்பதே பெரும்பாடு. பிளாட்பாரம் முழுவதும் கடைகள். ரோட்டு ஓரம் முழுவதும் கார்கள். மிச்சம் இருந்த இடத்தில் பஸ், ஆட்டோ, மோட்டார் சைக்கிள். இத்தனைக்கும் நடுவே, ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாகத் தாய்மார்கள் போனார்கள்.

2013-ம் ஆண்டில் நடைபாதை வியாபாரிகளுக்குத் தனிக் கட்டிடம் கொடுக்கப்பட்டது. 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம், தெருவே மாறியது. வண்டி ஓடும் இடத்தைக் குறைத்தார்கள். நடக்கும் இடத்தைப் பெரிதாக்கினார்கள். உட்கார இருக்கைகள் போட்டார்கள்.

"கார் நிற்க இடம் இல்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும்!"

எந்த ஊரில் நடைபாதையை அகலமாக்கப் போனாலும் கடை வீதியில் முதலில் எழும் குரல் இதுதான். பயம் நியாயமானதுதான். ஆனால் காரின் ஜன்னல் வழியாக யாரும் சேலை வாங்குவது இல்லை. இறங்கி நடக்கிறவர்தான் வாங்குகிறார்!

ஒரு நாளைக்கு 90 பேர்

இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து போனவர்கள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். காலையில் பால் வாங்கப் போனவர், பள்ளிக்கூடம் போன பிள்ளை, கோவிலுக்குப் போன பாட்டி என்று எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு.

"பார்த்து நடக்கவேண்டியதுதானே!" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பார்த்து நடந்தால் மட்டும் போதுமா?

ஒரு கார் மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. 13 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. டிரைவர் கண்டு, திகைத்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் கார் 8 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து, குழந்தையின் அருகே வந்து நின்றுவிடும். அதே கார் 50 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு வினாடிக்குள் 13 மீட்டரும் ஓடித் தீர்ந்துவிடும். பிரேக் பிடிக்கும் முன்பே குழந்தை மீது மோதிவிடும்.

டிரைவர் ஒருவரே. குழந்தையும் ஒன்றே. வேகம்தான் வேறு. கடை வீதியில் 30 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கேட்பது இதற்காகத்தான்.

நடுவில் ஒரு திட்டு

ரோட்டைக் கடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 15 மீட்டர் அகலமுள்ள ரோட்டைச் சாதாரணமாக நடப்பவர் கடக்க 12 வினாடிக்கு மேல் ஆகும். மூட்டு வலி உள்ள தாத்தாவுக்கு 19 வினாடி கூட ஆகலாம். சிக்னலில் அதற்குள் பச்சை விளக்கு அணைந்துவிட்டால் அவர் என்ன செய்வார்? பறக்கவா முடியும்!

ரோட்டின் நடுவில், நிற்கும்படியாக ஒரு திட்டு கட்டிவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. முதலில் வலது பக்கம் பார்த்துப் பாதி ரோட்டைக் கடக்கலாம். திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இடது பக்கம் பார்த்து மீதியைக் கடக்கலாம். பெரிய செலவு இல்லை.

ஆனால் நம் ஊர்களில் ஆள் கடக்கவேண்டும் என்றால் உடனே மேம்பாலம் கட்டத்தான் தோன்றுகிறது! தியாகராய நகரில் மாம்பலம் ரெயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ம் ஆண்டில் திறந்த ஆகாய நடைபாதை நல்ல காரியம். லிப்ட் இருக்கிறது, நகரும் படிக்கட்டும் இருக்கிறது. எல்லா ஊர்களிலும் அப்படி அமைவது இல்லை. 40 படி ஏறி 40 படி இறங்கச் சொன்னால், சுமையோடு வருகிறவர் கீழே வண்டிகளுக்கு நடுவேதான் ஓடுவார்.

பிளாட்பாரம் யாருக்கு?

பிளாட்பாரத்தின் உயரமும் முக்கியம். 15 சென்டி மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி. அது ஒரு சாணுக்கும் குறைவு. குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடை இல்லாமல் இருக்கவேண்டும் என்பதும் விதி. நேரில் பார்த்தால் பல இடங்களில் முழங்கால் உயரம்! ஏறினால் டிரான்ஸ்பார்மர், அதைத் தாண்டினால் மோட்டார் சைக்கிள் வரிசை. இறங்கி ரோட்டில் நடப்பதே மேல் என்று ஆகிவிடுகிறது.

பூக்கூடை வைத்திருக்கும் அம்மாள் மீது எல்லாப் பழியையும் போடுவது சுலபம். அவரும் பிழைக்கவேண்டும். 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு வெளியே வைத்தால் கேட்கலாம். காரை ஏற்றி நிறுத்துகிறவருக்கு அந்தச் சலுகை தேவை இல்லை. அவருக்கு அபராதம் போடலாம்.

தடை இல்லாத நடைபாதை, மக்களின் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெள்ளைக் கோட்டில் ஆள் கடக்கும்போது வண்டி நிற்கவேண்டும் என்ற விதியோ 1989-லேயே வந்தது. அந்தக் கோடுகள் பல தெருக்களில் அழிந்து கிடக்கின்றன. பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், மார்க்கெட், பஸ் நிலையம். இந்த நான்கு இடங்களிலாவது, நகராட்சி இந்த மாதமே கோடு போடலாம். காலையும் மாலையும் பள்ளி விடும் நேரத்தில் ஒரு போலீஸ்காரர் அங்கே நிற்கலாம்.