சங்கிலி மேயர் கழுத்தில். கையெழுத்து யார் கையில்?

 

2025 நவம்பரில் நியூயார்க் மாநகர மேயர் தேர்தலில் ஸொஹ்ரான் மம்தானி வெற்றி பெற்றபோது நம் இளைஞர்களுக்குத்தான் எத்தனை பூரிப்பு! அதற்கு முந்தைய ஆண்டு சாதிக் கான் மூன்றாம் முறையாக லண்டன் மேயரானபோதும் அப்படித்தான் மகிழ்ந்தோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால் ஒரு கேள்வி. நியூயார்க் மேயரின் பெயரைச் சரியாக உச்சரிக்கும் நீங்கள், உங்கள் வார்டு கவுன்சிலரின் பெயரைச் சொல்வீர்களா? செவ்வாய்ப்பேட்டையில் உள்ள உங்கள் கடையின் வரியை நிர்ணயிப்பது யார் என்று தெரியுமா?

நியூயார்க் மேயர் நகரின் காவல்துறைத் தலைவரையே நியமிக்கிறார். நம் சேலம் மேயரோ தமக்கு ஓர் ஆணையரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. ஆணையரை அனுப்புவதும் கோட்டை. திரும்ப அழைப்பதும் கோட்டை. (நம் சேலம் கோட்டையைச் சொல்லவில்லை, சென்னைக் கோட்டையைச் சொல்கிறோம்!) மாமன்றத்தைக் கூட்டுவது, தலைமை தாங்குவது, தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவது ஆகியவை மேயரின் வேலை. தீர்மானத்தை நிறைவேற்றுவது, வரி வசூலிப்பது, உரிமம் வழங்குவது, ஊழியரை வேலை வாங்குவது எல்லாம் ஆணையரின் வேலை. மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையே நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்குச் சட்டம் இடம் தருகிறது.

இதே சேலத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1866ல் தொடங்கிய நகராட்சி இது. 1917 முதல் 1919 வரை இதன் தலைவராக இருந்தவர் ராஜாஜி. அதே காலத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவர் பெரியார். கொள்கையில் பின்னாளில் இரு துருவமாக நின்ற இருவரும் பொதுவாழ்வைத் தொடங்கியது குழாய்த் தண்ணீரிலும் தெரு விளக்கிலும்தான். அன்று தலைவர் சொன்னால் அது உத்தரவு. நிர்வாகப் பொறுப்பும் அவர் கையில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு நகராட்சித் தலைவருக்கு இருந்த பிடி, சுதந்திர நாட்டில் ஒரு மாநகர மேயருக்கு இல்லை என்றால் சிரிப்பதா, அழுவதா?

அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993 ஜூன் 1ல் அமலுக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1994 ஜூன் 1ல், சேலம் மாநகராட்சி ஆனது. அந்தத் திருத்தத்தின் 12வது அட்டவணையைப் படித்துப் பாருங்கள். குடிநீர், சாலை, சுகாதாரம், தெருவிளக்கு, ஆட்டிறைச்சிக் கூடம், மையவாடி என 18 பொருள்கள். நம் அன்றாட வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது! ஆனால் "தரலாம்" என்று சொன்ன சட்டம் "தந்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. எவ்வளவு தருவது என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது. கொடுக்க மனமில்லாதவன் கையில் அகப்பையைக் கொடுத்த கதைதான்.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை பட்ட பாட்டையும் கேளுங்கள். 1996ல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். 2001லும் அப்படியே. 2006ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011ல் மீண்டும் மக்கள். 2016ல் மறுபடி கவுன்சிலர்கள் என்று சட்டம் போட்டார்கள், தேர்தலே நடக்கவில்லை. 2018ல் மக்கள் என்றார்கள். 2019 நவம்பரில் இல்லை, கவுன்சிலர்கள் என்று அவசரச் சட்டம் வந்தது. சட்டையைக்கூட இத்தனை முறை மாற்ற மாட்டோம்! இதில் தி.மு.க., அ.தி.மு.க. என்ற வேறுபாடே கிடையாது. எந்த முறை தங்களுக்கு லாபமோ அந்த முறை.

கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மேயர் யாருக்குப் பதில் சொல்வார்? 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். அந்த ஊர் வாக்காளர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வணிகர்களே, இனி வருவது உங்கள் கல்லாப்பெட்டி விவகாரம்.

2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து இழுத்து 2022 பிப்ரவரி 19ல்தான் நகர்ப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் சேலத்தில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது! ஆணையரே தனி அலுவலர். அவரே முன்மொழிவார், அவரே நிறைவேற்றுவார். அந்த வெற்றிடத்தில்தான் 2018ல் சொத்து வரி உயர்த்தப்பட்டது. தேர்தல் வரும் வாசனை அடித்ததும் 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

2022 மார்ச் 4ல் புதிய மேயர்கள் பதவியேற்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம். வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். அதாவது கடை வரி இரட்டிப்பு! வரியை உயர்த்தினால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்றது மாநிலம். மத்தியில் இருப்பவர் மாநிலத்தைக் காட்டுகிறார், மாநிலத்தில் இருப்பவர் மத்தியைக் காட்டுகிறார். நடுவில், தான் தீர்மானிக்காத வரிக்குத் தீர்மானம் போட்ட பழி மட்டும் மாமன்றத்துக்கு. கடைக்குச் சொந்தக்காரர் வரியைக் கட்டுவார், வாடகையில் ஏற்றுவார், லீ பஜாரில் வாடகைக்குக் கடை நடத்தும் நம் சகோதரர் தலையில்தான் அது இறங்கும்.

நாமக்கல் சகோதரர்களே, 2024ல் உங்கள் நகராட்சியும் மாநகராட்சி ஆகிவிட்டது. நகராட்சித் தலைவர் மேயரானார், பெயர்ப்பலகை மாறியது. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற ஊருக்கு இது பெருமைதான். அந்தஸ்து உயர்ந்த ஊரில் அடுத்து எது உயரும் என்பதைச் சேலத்து வணிகரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் மேயர் வெறும் பொம்மையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லித் தப்பிக்க அவரை விடக்கூடாது. கூட்டப்பொருளில் எது வரவேண்டும் என்பதில் அவருக்குப் பிடி உண்டு. பட்ஜெட் அவர் தலைமையில்தான் நிறைவேறுகிறது. குப்பை, சாக்கடை, மாநகராட்சிக் கடைகளின் குத்தகை, மையவாடிக்குப் போகும் பாதை எதுவானாலும் மன்றத்தில் பேசப்பட்டுப் பதிவானால் ஆணையர் பதில் சொல்லியாக வேண்டும். பதிவாகாத கோரிக்கை சால்வையோடு போய்விடும். நம் ஜமாஅத் நிர்வாகிகள் மேயருக்குப் போர்த்திய சால்வைகளை அடுக்கினால் ஒரு ஜவுளிக்கடையே வைக்கலாம். அந்த மனுக்களில் எத்தனை தீர்மானமாயின என்று எவராவது கணக்கு வைத்திருக்கிறோமா?

சேலத்தில் 60 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் வேண்டும் என 2022ல் விதி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ல், உள்ளாட்சி தினத்தன்று, முதல் பகுதி சபைகள் கூடின. அங்கே வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம். கல்லாவை ஒரு மணி நேரம் மகனிடம் விட்டுவிட்டுப் போங்கள். இளைஞர்களே, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று எழுதுங்கள்: கடந்த ஓராண்டில் எங்கள் வார்டு பற்றி மாமன்றம் நிறைவேற்றிய தீர்மானங்கள் எவை, அவற்றில் முடிந்த பணிகள் எவை? இரண்டே கேள்விகள் போதும். 2022ல் அமைந்த மன்றத்துக்கு ஐந்து ஆண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைகிறது. வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் முன் அந்தப் பதில் கடிதத்தை எடுத்து வையுங்கள்.