டிகிரி வேறு, சூடு வேறு!

ஆண்டிபட்டி டீக்கடையில் பாய்லர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. 100 டிகிரி. சில கிலோமீட்டர் தள்ளி, 1959-ல் திறந்த வைகை அணை. அதில் கிடக்கும் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதில் வெப்பம் அதிகம்?

'இதென்ன கேள்வி, பாய்லர்தான்!' என்றால், உங்கள் வீட்டு ஏழாங்கிளாஸ் வாண்டு சிரிக்கும். விடை, அணை!

வெப்பநிலை என்பது தலைக்கு எவ்வளவு சம்பளம் என்கிற கணக்கு. உள்ளே இருக்கும் வெப்ப ஆற்றல், மொத்தப் பட்டுவாடா. மேனேஜர் சம்பளம் பெரிசுதான். ஆயிரம் குமாஸ்தாக்களின் சம்பளத்தைக் கூட்டிப் பாருங்கள், மேனேஜர் காணாமல் போவார்!

கம்பி மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரி வரை போகும். தூசி சைஸ் என்பதால், கையில் பட்டால் 'சுருக்' என்பதோடு சரி. (கம்பியைத் தொட்டால் அது வேறு கதை!) ஒரு டம்ளர் வெந்நீர் வெறும் 100 டிகிரிதான்; கொட்டினால் கொப்பளித்துவிடும்.

நீராவி இன்னும் பொல்லாதது. அதே 100 டிகிரியில், தோலில் பட்டுத் தண்ணீராகும்போதே கிராமுக்கு 540 கலோரி இறக்கிவிடும். அதனால் இட்லிப் பானையைத் திறக்கும்போது வாண்டைத் தள்ளி நிறுத்துங்க.

மீறிச் சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பிறகு டாக்டர்.