பூனையும் நம்மோடு புறப்படட்டும்



பயணம் புறப்படும் வேளையில் பூனை குறுக்கே வந்தால் காரியம் கெடும் என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. என் பாட்டியார் அப்படி நேர்ந்தால் வீட்டிற்குள் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீண்டும் படியிறங்குவார். எங்கள் வீட்டிலோ நெடும்பயணம் என்றால் பூனையும் ஏறிய பிறகுதான் மகிழுந்து கிளம்பும். இதுவரை எந்தக் காரியமும் கெட்டுவிடவில்லை.

இந்தப் பழக்கத்தின் பின்னணியில் ஒரு நிகழ்வு உண்டு. 1979இல் என் தந்தையார் தோட்ட வேலையை விட்டு நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அப்போது எனக்கு 9 வயது. லயத்து வீட்டுச் சாமான்களையெல்லாம் லோரியில் ஏற்றினார்கள். அடுப்படியில் என்னோடு வளர்ந்த கடுவன் பூனையை மட்டும் ஏற்றவில்லை. "நாய் ஆளோடு வரும், பூனை வீட்டோடு இருக்கும்" என்றார் அம்மா. லோரி செம்மண் சாலையில் திரும்பும்வரை அது வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது. அதன்பின் அதற்கு என்ன நேர்ந்தது என்று வீட்டில் எவரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. பூனை தன் இருப்பிடத்தை மணத்தால் அறிகிறது. பழகிய மணம் இல்லாத இடத்தில் அஞ்சுகிறது. ஆனால், அது விட்டுச் செல்வதற்கான காரணமன்று. பக்குவமாக அழைத்துச் செல்வதற்கான காரணம்.

1996இல் கெடாவிலிருந்து ஜொகூருக்கு எனக்கு மாற்றல் வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு பகல் முழுவதும் பயணம். பின்னிருக்கைக் கூண்டில் எங்கள் பெண்பூனை. முதல் ஒரு மணி நேரம் ஓயாமல் கத்தியது. என் பழைய கைலியைக் கூண்டின் மீது போர்த்தினேன். ஈப்போவை நெருங்குவதற்குள் உறங்கிவிட்டது. அன்று தொடங்கிப் பட்டறிவால் கற்றவை சில உள்ளன.

புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்பே கூண்டைத் திறந்து வீட்டில் வைத்துவிட வேண்டும்; பூனை தானாகவே அதில் படுத்துப் பழகும். பயணத்திற்கு நான்கு மணி நேரம் முன்னதாக உணவை நிறுத்தினால் வாந்தி குறையும். தண்ணீர் மட்டும் தரலாம். வண்டி ஓடும்போது கூண்டைத் திறக்கலாகாது. ஓய்விடத்தில் நாம் பசியாறும் நேரத்தில் பூட்டிய வண்டிக்குள் அதை விட்டுச் செல்வதோ உயிருக்கே ஆபத்து; நம் நாட்டு வெயிலில் சில நிமிடங்களிலேயே வண்டி அடுப்பாகிவிடும். புதிய வீட்டில் முதல் சில நாள்கள் ஒரே அறையில் வைத்திருங்கள். பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்கு வெளியே விடாதீர்கள். சபா, சரவாக் செல்வோர் கால்நடைத் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

ஒவ்வொரு பயணத்திற்கும் பூனையைத் தூக்கிச் செல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் திருமணப் பயணமென்றால் நம்பகமான அண்டைவீட்டாரிடம் சாவியைக் கொடுப்பதே நல்லது. முதிய பூனைக்கும் நோயுற்ற பூனைக்கும் அதுவே பொருந்தும். நான் கண்டிப்பது வேறொன்றை. நீண்ட விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பள்ளி வாயிலிலும் சந்தையோரத்திலும் பூனைகளை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறார்களே, அதைத்தான். "யாராவது சோறு போடுவார்கள்" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொள்வது பூனையன்று, நாம்தான்.

2017இல் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டம் 2015, வளர்ப்பு விலங்கின் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகிறது. கொடுமை புரிவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆயினும், சட்டத்திற்கு அஞ்சிப் பூனை வளர்க்க வேண்டிய நிலை நமக்கு வரலாமா?

வகுப்பில் ஒலிமரபு கற்பிக்கையில் 'பூனை சீறும்' என்று எழுதச் சொல்கிறோம். பூனைக்குப் பசிக்கும், பூனை அஞ்சும், பூனை காத்திருக்கும் என்பவற்றை வீட்டில்தான் கற்பிக்க முடியும். வீடு மாறும் நாளில் யார் யாரை வண்டியில் ஏற்றுகிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று பூனையை விட்டுச் செல்வதற்குச் சொல்லும் காரணத்தை அவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். நாம் முதியவராகும் காலத்தில் அதே காரணம் நம்மிடமே திரும்பி வரக்கூடும்.

அடுத்த முறை மூட்டை கட்டும்போது, கூண்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.