எங்களிடம் திருட என்ன இருக்கிறது?

மாத்தளை திருகோணமலை வீதியின் கடைக்காரரிடம் கேளுங்கள், எல்கடுவப் பக்கத்துத் தோட்ட லயத்தில் கேளுங்கள். பதில் ஒன்றுதான்: "எங்ககிட்ட என்ன இருக்கு, எடுத்துக்கிட்டுப் போக?" அடக்கமாகத் தோன்றும் இந்தப் பேச்சைப்போல இணையக் கள்வனுக்கு வசதியானது வேறில்லை.

ஆள் பார்த்துத்தான் திருடுவார்கள் என்பது இதன் அடிப்படை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் வழு அதைப் பொய்யாக்கிவிட்டது. இணையத்தளங்கள் நம் தகவல்களைக் காக்கப் பயன்படுத்திய ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளிலேயே அந்த ஓட்டை இருந்தது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சேர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளலாம். அதில் யாருடைய கடவுச்சொல் சிக்கும் என்பது அள்ளுகிறவனுக்கே தெரியாது. வலை வீசுகிறவன் மீனுக்குச் சாதகம் பார்ப்பதில்லை. கனடாவின் வருமான வரித் திணைக்களத்திலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் போயின. பிரித்தானியாவில் தாய்மார் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசிக்கொள்ளும் மம்ஸ்நெட் தளத்திலும் கணக்குகளுக்குள் புகுந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் மட்டும் என்ன புதையலா இருந்தது?

பணம் இல்லாதவரிடமும் பெயர் இருக்கிறது. "தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்ற செய்திக்குப் பதில் போட்டால், உங்கள் வாட்ஸ்அப் அடுத்தவன் கைக்குப் போய்விடும். பிறகு கட்டாரில் உழைக்கும் மகனிடம் உங்கள் பெயரில் "அவசரம், காசு போடு" என்று அவன் எழுதுவான். அம்மா கேட்டால் மகன் ஏன் என்று கேட்பானா? வசதியுள்ளவர் பறிகொடுத்தால் வழக்குப் பேசுவார். நாட்கூலிக்காரருக்கோ அந்த மாதமே போய்விடும்.

"அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கு 2023 பதில் சொல்லியது. பழைய மென்பொருளில் ஓடிய இலங்கை அரச மின்னஞ்சல் கட்டமைப்பைப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல் முடக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனியாக வையுங்கள். போன் கடைத் தம்பி திறந்து தந்த கணக்கென்றால் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ஒரு தளத்தில் ஓட்டை என்று செய்தி வந்தால், அவர்கள் அதை அடைத்த பிறகு மாற்றுங்கள். அதற்குமுன் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஓ.டி.பி. இலக்கத்தை வங்கிக்காரர் என்று சொல்பவருக்கும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அழையுங்கள்.

எதுவும் இல்லாதவர் என்று இணையத்தில் எவருமில்லை. கையில் போன் இருக்கிறவர் எல்லோரும் காக்கவேண்டியவர்களே.